தாத்தாவின் நோட்டில் உள்ள செந்தூரத்தை வீட்டில் செய்யலாமா?

வாசகர் கேள்வி: சிவகங்கை மாவட்டத்திலிருந்து எழுதுகிறேன். என் தாத்தா ஊரில் வைத்தியம் பார்த்தவர். அவர் கைப்பட எழுதிய நோட்டு ஒன்று அண்மையில் பரணில் கிடைத்தது. லிங்கச் செந்தூரம், அன்னபேதிச் செந்தூரம், சங்கு பற்பம், நாகப் பற்பம் என்று தாது முதலிய சரக்குகளை நெருப்பில் சுட்டுத் தூளாக்கும் மருந்துகளும், ஓமத் தீநீர் என்ற வடித்தெடுக்கும் நீரும் எனப் பல முறைகள் அதில் உள்ளன. ஆர்வத்தில் இணையம் வழியாக 100 கிராம் பாதரசம் வாங்கி, பின்கட்டு அறையில் கல்வத்திலிட்டு (மருந்தரைக்கும் கல்) மஞ்சள் தூளோடு அரைத்துப் பார்த்தேன். கொஞ்சம் தரையில் சிதறிவிட்டது. அறையைப் பெருக்கிய என் மனைவியின் தங்க மோதிரம் வெள்ளிபோல வெளுத்துவிட்டது. ரசம் (பாதரசம்) நச்சு நீங்கிச் சுத்தியானதற்கு இது அறிகுறியா? வீட்டில் 4 வயது மகன் இருக்கிறான். என் தாயாருக்கு 67 வயது. சர்க்கரை நோயும் சிறுநீரகக் குறைபாடும் உண்டு. நோட்டில் உள்ளபடி மருந்து செய்து அவருக்குக் கொடுக்கலாமா? தெரிந்த ஒருவர் பாதரசத்தைக் கட்டிச் செய்த ரசமணி தருவதாகவும், அதை இரவில் பாலில் போட்டுவைத்துக் காலையில் அந்தப் பாலைக் குடித்தால் ஆயுளை நீட்டும் காயகற்பம் என்றும் சொல்கிறார். வாங்கலாமா? இந்தக் கலையை எங்கிருந்து தொடங்குவது?

சித்த மருத்துவரின் பதில்:

அன்புள்ள ஐயா, வணக்கம்.

கடைசியாக நீங்கள் கேட்டிருக்கும் கேள்விக்குத்தான் மகிழ்ச்சியோடு விடை எழுதலாம். ஆனால் மோதிரத்தைப் பற்றிய செய்தி மற்ற எல்லாவற்றையும் பின்னுக்குத் தள்ளிவிட்டது. அது சுத்தியின் அறிகுறி அன்று. தங்கம் பாதரசத்தைத் தொட்டவுடன் அதனோடு கலந்து இரசக்கலவையாக மாறும். அந்தக் கலவையின் நிறம்தான் நீங்கள் கண்ட வெண்மை. சுத்தி செய்த ரசமானாலும் செய்யாத ரசமானாலும் தங்கத்தின் மேல் இதே வேலையைத்தான் செய்யும். மோதிரம் உங்களுக்குச் சொல்வது வேறொன்று: அந்த அறையின் தரையில் பாதரசம் இன்னும் இருக்கிறது, துடைப்பம் அதைப் பொடிப்பொடியாக உடைத்து அறை முழுவதும் பரப்பியிருக்கிறது.

பாதரசம் கொதிப்பது 357 டிகிரி செல்சியஸில்தான் என்றாலும், நம் ஊர் அறை வெப்பத்திலேயே அது ஓயாமல் ஆவியாகிக்கொண்டிருக்கும். மூடிய அறையில் 20 டிகிரியில் அந்த ஆவி நிறைந்து நின்றால் ஒரு கன மீட்டர் காற்றில் ஏறத்தாழ 13 மில்லிகிராம் சேரும். தொழிற்கூடங்களில் பொறுத்துக்கொள்ளத்தக்கதென்று வகுத்திருக்கும் அளவைப்போல் இது பல நூறு மடங்கு. நிறமோ மணமோ இல்லாததால் மூக்கு எச்சரிக்காது. விழுங்கிய நீர்மப் பாதரசத்தில் மிக மிகச் சிறு பங்கே குடலில் உறிஞ்சப்படும். மூச்சில் சென்ற ஆவியிலோ ஐந்தில் நான்கு பங்கு அளவுக்கு உடலில் தங்கிவிடும், அங்கிருந்து மூளைக்கும் சிறுநீரகத்துக்கும் போகும். தரையோடு ஒட்டி விளையாடும் குழந்தைக்கும், சிறுநீரகம் முன்னமே தளர்ந்திருக்கும் உங்கள் தாயாருக்கும் இதனால் வரும் கேடு உங்களுக்கு வருவதைவிடப் பெரிது.

ஆகவே இன்றே செய்யவேண்டியவை இவை. குழந்தையையும் தாயாரையும் அந்தப் பகுதிக்கு வரவிடாதீர்கள். வெளிப்பக்கச் சன்னல்களைத் திறந்து, வீட்டின் மற்ற அறைகளுக்குச் செல்லும் கதவை அடைத்துவிடுங்கள். நகை, கைக்கடிகாரம் எல்லாவற்றையும் கழற்றிவைத்து, ரப்பர் கையுறை அணிந்து, கைவிளக்கைத் தரையோடு சாய்த்துப் பிடித்துத் தேடினால் துளிகள் மின்னுவது தெரியும். கெட்டியான அட்டையால் அவற்றை ஒன்றுசேர்த்து, சொட்டுக் குழாயால் உறிஞ்சி, இறுக மூடும் கண்ணாடிக் குப்பியில் இடுங்கள். எஞ்சிய பொடித்துளிகளை ஒட்டுநாடாவால் ஒற்றி எடுங்கள். துடைப்பம் வேண்டாம், தூசி உறிஞ்சும் இயந்திரம் கூடவே கூடாது, அது ஆவியை ஊதிப் பரப்பும். தரை வெடிப்புகளில் கந்தகத் தூளைத் தூவுவது ஆவியை ஓரளவு அடக்கும், ஆனால் முழுத் தீர்வாகாது. வெடித்த சிமென்ட்டைப் பெயர்த்துப் புதிதாகப் பூசுவது நல்லது. அன்று உடுத்திய துணியைச் சலவை இயந்திரத்தில் போடாதீர்கள். எதையும் சாக்கடையில் ஊற்றாமல், கல்வம், அட்டை, கையுறை, மீதிப் பாதரசம் ஆகியவற்றை மூடிக் கட்டி, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்தில் ஒப்படைக்கும் வழியைக் கேளுங்கள்.

மோதிரத்தை நெருப்பில் காட்டினால் வெண்மை போய்விடும் என்று யாராவது சொல்வார்கள். போகும்தான், போவது உங்கள் மூச்சுக்குள். ஐரோப்பாவில் பாதரசத்தைக் கொண்டு தங்க முலாம் பூசிய தொழிலாளர்கள் இதே வேலையைச் செய்துதான் கைநடுக்கத்துக்கு ஆளானார்கள். மோதிரத்தைத் தனிக் குப்பியில் மூடிவைத்து, விவரம் சொல்லி, பாதுகாப்பான உருக்குக் கூடம் உள்ள பொற்கொல்லரிடம் கொடுங்கள்.

நீங்களும் மனைவியும் குழந்தையும் தாயாரும் பொது மருத்துவர் ஒருவரைப் பார்த்துச் சிறுநீரில் பாதரச அளவைச் சோதிப்பது அவசியம். மீன் உண்பவர்களின் இரத்தத்தில் உணவு வழியாக வந்த பாதரசமும் கலந்து தெரியும். ஆவியாக உள்ளே சென்றதை அறியச் சிறுநீர்ச் சோதனைதான் ஏற்றது. கைவிரல் நடுக்கம், தூக்கமின்மை, காரணமற்ற எரிச்சல், ஈறு வீக்கம், வாயில் உலோகச் சுவை, உமிழ்நீர் மிகுதி ஆகியவற்றில் எது தோன்றினாலும் காத்திருக்க வேண்டாம். ரச முறிவு (பாதரச நஞ்சை முறிக்கும் மருந்து) என்று சொல்லி யாரேனும் தரும் சாற்றைக் குடித்துப் பார்த்துவிட்டுப் பிறகு போகலாம் என்று நாளைக் கடத்தாதீர்கள்.

இனி நோட்டுக்கு வருகிறேன். நீங்கள் பட்டியலிட்டிருக்கும் முறைகளைப் பார்த்தால் உங்கள் தாத்தா கற்றுத் தேர்ந்தவர் என்றே தோன்றுகிறது. ஆனால் அவர் எழுதியது அவருக்காக. தினந்தோறும் மருந்து செய்கிறவர் தாம் மறந்துவிடக்கூடியதை மட்டுமே குறித்துவைப்பார். கையில் ஊறிப்போனதை எழுதமாட்டார். சரக்கின் பெயரும் பங்கும் சாற்றின் பெயரும் புடத்தின் (வறட்டி நெருப்பில் சுடுதல்) எண்ணிக்கையும் தாளில் இருக்கும். சரக்கு நல்லதா என்று பார்க்கும் விதமும், சுத்தி முடிந்ததை அறியும் குறியும், அரைப்பில் எப்போது கையை எடுக்கவேண்டும் என்பதும், சீலைமண்ணின் (மண் தடவிய துணியால் அகலைச் சுற்றி மூடும் கவசம்) கனமும், அது காயவேண்டிய பதமும் அதில் இருக்காது. மருந்தாவதும் நஞ்சாவதும் பெரும்பாலும் இந்த எழுதாத பகுதியில்தான் முடிவாகிறது. ஆசானின் அருகில் இருந்து கற்கவேண்டும் என்று மரபு வற்புறுத்தியதற்கு, சிலர் சொல்வதுபோல் மறைத்துவைக்கும் ஆசை மட்டும் காரணம் அன்று.

லிங்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அது பாதரசமும் கந்தகமும் சேர்ந்த சரக்கு; எடையில் ஏறத்தாழ 86 விழுக்காடு பாதரசம். நீரில் கரையாத தன்மை அதற்கு மிகுதி. குடலில் மிகக் குறைவாகவே உறிஞ்சப்படுவதற்கு அதுவே காரணம். எலுமிச்சைச் சாறு, பசும்பால், குப்பைமேனிச் சாறு ஆகியவற்றைக் கலந்து சுருக்குக் கொடுத்து (சிறிது சிறிதாகச் சொட்டவிட்டு) சுத்தி செய்யும்போது, கரையக்கூடிய வேறு கலப்புகளை நீக்குவது ஒரு நோக்கம். அதே லிங்கம் திறந்த காற்றில் சூடேறினால் கதை வேறு: கந்தகம் எரிந்து புகையாகும், பாதரசம் விடுபட்டு ஆவியாகும். அகலின் மேல் அகலைக் கவிழ்த்து, ஏழு சீலைமண் செய்து, காயவைத்துப் பிறகே புடமிட வேண்டும் என்பதன் பொருள் இங்கேதான் விளங்கும். கவசத்தில் மயிரிழை வெடிப்பு விழுந்தாலும் போதும், மருந்து குறைவதோடு நிற்காமல் அடுப்பருகில் நிற்பவர் நஞ்சை மூச்சில் வாங்குவார்.

நெருப்பின் அளவும் அப்படியே. காடை புடத்துக்கு ஒரு வறட்டி, கவுதாரி புடத்துக்கு 3, குக்குட புடத்துக்கு 10, வராக புடத்துக்கு 50, கச புடத்துக்கு 1000 என்று எண்ணிக்கை வகுத்திருக்கிறார்கள். குழியின் ஆழம், வறட்டியின் கனம், அது காய்ந்த அளவு, காற்றின் வேகம் எல்லாம் சேர்ந்து அந்த எண்ணிக்கையை வெப்பமாக மாற்றுகின்றன. சங்கு பற்பத்தில் இந்த வேறுபாட்டைக் கண்ணாலேயே காணலாம். சங்கு என்பது சுண்ணக் கரிமச் சேர்மம். சூடு மிதமாக இருந்தால் நொறுங்கி மென்மையான தூளாகும். 900 டிகிரியை நெருங்கிக் கரிவாயு வெளியேறிவிட்டால் மிஞ்சுவது சுட்ட சுண்ணாம்பு. அதை நாக்கில் வைத்தால் புண்ணாகும். நெஞ்செரிச்சலுக்கென்று விழுங்கினால் உணவுக்குழாய் வெந்துபோகும். ஒரே சங்கு, ஒரே குழி, சில வறட்டிகள் கூடுதல், அவ்வளவுதான் வேறுபாடு. அன்னபேதியிலோ புடத்தின்போது கந்தகப் புகை நெடியோடு எழும். மூச்சிரைப்பு உள்ளவர் உள்ள வீட்டின் கொல்லையில் செய்யத்தக்க வேலை அன்று.

நாகப் பற்பத்தைப் பற்றித் தனியே ஓர் எச்சரிக்கை. சித்த நூல்களில் நாகம் என்பது துத்தநாகம். வடமொழி ரச நூல்களில் அதே பெயர் காரீயத்தைக் குறிக்கும். நாட்டுமருந்துக் கடையிலோ இணையத்திலோ பெயரை மட்டும் சொல்லி வாங்கினால் எது வரும் என்று உறுதி இல்லை, வந்ததைப் பார்த்து அறிய உங்களுக்குப் பயிற்சியும் இல்லை. காரீயம் எலும்பில் போய் உட்கார்ந்துகொண்டு ஆண்டுக்கணக்கில் வெளியேறாமல் இருக்கும்.

அளவிலும் இதே இடர் உண்டு. பழைய கணக்கில் குன்றிமணி எடை 130 மில்லிகிராம், அரிசியெடை 65, பணவெடை 488, கழஞ்சு 5.1 கிராம், பலம் 35 கிராம் என்று இன்று வைத்துக்கொள்கிறோம். செந்தூரங்கள் பல அரிசியெடை, குன்றியெடை அளவில் கொடுக்கப்படுபவை. மங்கிய மையில் ஒரு சுருக்கெழுத்தைப் பணவெடை என்று படித்துவிட்டால், அரிசியெடைக்குக் கொடுக்கவேண்டிய மருந்து ஏழரை மடங்காகிவிடும். கையெழுத்து நோட்டுகளை மாணவர்களோடு படிக்கும்போது நான் முதலில் நிற்பது இந்த அளவுக் குறிகளில்தான்; மூன்று பேர் படித்தால் மூன்று விதமாகச் சொல்வார்கள்.

செய்து முடித்த பற்பம் விரல் ரேகையில் படிகிறதா, நீரில் மிதக்கிறதா, சுவையும் மினுக்கும் அற்றிருக்கிறதா, மீண்டும் சூடேற்றினால் பழைய உலோகமாக மீளாமல் இருக்கிறதா என்று பார்ப்பது நம் மரபுச் சோதனை. இவை வெறும் சடங்கு அல்ல. துகளின் நுண்மையையும், உலோகம் முழுமையாக மாறிவிட்டதா என்பதையும் நன்றாகவே காட்டும். ஆனால் ஒரு தூளில் ஆர்செனிக் எத்தனை, காரீயம் எத்தனை என்று விரல் ரேகை சொல்லாது. அதற்கு ஆய்வுக்கூடம் வேண்டும். சோதனையில் தேறாத தொகுதியைக் குழியில் கொட்டும் துணிவும் வேண்டும். விலை கொடுத்துச் சரக்கு வாங்கி, நாள்கணக்கில் அரைத்தவருக்கு இந்தத் துணிவு எளிதில் வராது.

இப்படி எழுதுவதால் தாது மருந்துகளே வேண்டாம் என்று சொல்லும் கட்சியில் என்னைச் சேர்த்துவிட வேண்டாம். 2004-ஆம் ஆண்டு அமெரிக்காவின் பாஸ்டன் நகரப் பகுதிக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேதத் தயாரிப்புகளைச் சோதித்தபோது 14-இல் காரீயமோ பாதரசமோ ஆர்செனிக்கோ இருந்தது என்ற ஆய்வு வெளிவந்தது. அதைக் காட்டி நம் மருந்து எல்லாமே நஞ்சு என்பவர்கள் ஒரு பக்கம். சுத்தி செய்துவிட்டால் எந்த நஞ்சும் அமுதமாகிவிடும், சோதனை எதற்கு என்பவர்கள் மறு பக்கம். இரு சாராரும் மருந்தைப் பார்க்காமல் பேசுகிறார்கள் என்பது என் கருத்து. எந்தச் சரக்கு, எந்த வடிவம், யார் செய்தது, எவ்வளவு, எத்தனை நாள், யாருக்கு என்ற கேள்விகளுக்கு விடை தெரிந்தால்தான் ஒரு செந்தூரத்தைப் பற்றிப் பேச முடியும். "வேர் பாரு, தழை பாரு, மிஞ்சினக்கால் மெல்ல மெல்லப் பற்பம் செந்தூரம் பாரே" என்று நம்மிடையே வழங்கும் முதுமொழியின் வரிசையைக் கவனியுங்கள். பற்பமும் செந்தூரமும் அதில் கடைசியில் வருகின்றன, அதுவும் மெல்ல மெல்ல. நீங்கள் தொடங்க நினைப்பது அந்தக் கடைசியிலிருந்து.

சட்டமும் இங்கே உண்டு. 1940-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் ஒப்பனைப் பொருள்கள் சட்டப்படி சித்த மருந்துகளைச் செய்து விற்க உரிமம் பெற வேண்டும். மருத்துவர் தம் சொந்த நோயாளிகளுக்காகச் செய்துகொள்வதற்கு மட்டுமே அதில் விலக்கு உண்டு. பாதரசம், ஆர்செனிக் போன்ற நச்சுச் சரக்குகள் சேர்ந்த மருந்தின் சீட்டில், மருத்துவ மேற்பார்வையில் உட்கொள்ளவேண்டும் என்ற எச்சரிக்கை அச்சிடப்பட வேண்டும் என்பதும் விதி. பாதரசத்தின் பயன்பாட்டைக் கட்டுப்படுத்த 2013-இல் ஏற்பட்ட மினமாட்டா உடன்படிக்கையை இந்தியாவும் 2018-இல் ஏற்றுக்கொண்டது. 100 கிராம் பாதரசம் ஒரு சொடுக்கில் வீட்டு வாசலுக்கு வருகிறது என்பதால் அதை வீட்டில் வைத்துக்கொள்ளலாம் என்று ஆகிவிடாது.

ரசமணிக்கு விடை சுருக்கமானது: வாங்காதீர்கள். தூய பாதரசம் உறைவதற்குச் சுழியத்துக்குக் கீழே 39 டிகிரி வரை குளிர வேண்டும். நம் ஊர் வெயிலில் கழுத்தில் கெட்டியாகத் தொங்கும் மணி எதுவாயினும் அது பாதரசத்தோடு வேறோர் உலோகம் சேர்ந்த கலவைதான். பரவலாகச் செய்யும் முறை ஒன்று உண்டு: இரும்புச் சட்டியில் துருசும் உப்பும் நீரும் இட்டு ரசத்தைச் சேர்த்துத் தேய்ப்பார்கள். துருசில் உள்ள செம்பை இரும்பு வெளியே தள்ளும். அந்தச் செம்பு ரசத்தில் கலந்து வெண்ணெய்போலத் திரளும். உருட்டிவைத்தால் சில நாளில் இறுகும். பள்ளி வேதியியல் படித்த எவரும் இதை விளக்கிவிடலாம். பார்க்கிறவர் கண்ணுக்கு ரசம் கட்டியதுபோலத் தெரிவதால் வியாபாரம் நடக்கிறது. காரீயம் சேர்த்துச் செய்பவர்களும் உண்டு. அந்த மணியை இரவெல்லாம் பாலில் ஊறவைத்தால் பாலில் இறங்குவது செம்பும் பாதரசமும் காரீயமும்தான், ஆயுள் இறங்கிவிடாது.

பழனியில் போகர் என்ற சித்தர் நவபாடாணத்தால் (ஒன்பது நச்சுச் சரக்குகளின் கலவை) சிலை செய்தார் என்ற மரபை எடுத்துக்காட்டி இத்தகைய மணிகளை விற்பவர்களை நானும் பார்த்திருக்கிறேன். கோயிலைப் பற்றிய பத்தி அந்த இடத்துக்கு உரியது; தெருவில் விற்கும் மணிக்கு அது தரச்சான்று ஆகாது. உங்கள் மாவட்டத்துத் திருப்பூவணத்தில் பொன்னனையாள் என்ற பக்தைக்காக இறைவன் சித்தர் வடிவில் வந்து பாத்திரங்களைப் பொன்னாக்கினார் என்று திருவிளையாடற் புராணத்தின் இரசவாதம் செய்த படலம் சொல்கிறது. அந்தச் சித்தர் முன்பணம் கேட்கவில்லை என்பதை மட்டும் உங்கள் நண்பரிடம் நினைவூட்டலாம்.

எங்கிருந்து தொடங்குவது என்ற கேள்விக்கு உங்கள் தாத்தாவின் நோட்டிலேயே விடை இருக்கிறது: ஓமத் தீநீர். சித்த மருத்துவத்தில் அகமருந்து 32 வகை. அவற்றில் சாறு, குடிநீர், கற்கம் முதலியவை ஒரு சாமத்துக்குள், அதாவது 3 மணி நேரத்துக்குள், பயன்படுத்தவேண்டியவை. சூரணத்துக்கு 3 மாதம், மணப்பாகுக்கும் இளகத்துக்கும் 6 மாதம், தீநீருக்கு ஓராண்டு என்று வளர்ந்து, செந்தூரத்துக்கு 75 ஆண்டு, பற்பத்துக்கு 100 ஆண்டு என்று ஆயுள் சொல்லப்படுகிறது. புதிதாகக் கற்பவர் இந்த வரிசையின் முதல் பாதியிலேயே சில ஆண்டுகள் நிற்கலாம், நிற்கவும் வேண்டும். வாலையில் (ஆவியைக் குளிரவைத்து வடிக்கும் கலம்) வடிக்கும் தீநீர் அந்தப் பாதியின் மிக அழகான வேலை. இரசவாதிகள் உலகெங்கும் தேடிய மூன்று செயல்கள், அதாவது சரக்கை ஊறவைப்பதும், சூட்டில் அதன் மணச்சத்தைப் பிரிப்பதும், குளிரவைத்துப் பிடிப்பதும், இதில் ஒன்றாக அமைந்திருக்கின்றன.

வாலை இல்லாவிட்டாலும் செய்யலாம். புதிய ஓமம் 100 கிராம் எடுத்துக் கல், தூசி போகப் புடைத்து, ஒன்றிரண்டாக இடித்து, 1 லிட்டர் நல்ல நீரில் இரவு ஊறவையுங்கள். காலையில் அதை அகன்ற எவர்சில்வர் பாத்திரத்தில் ஊற்றி, நடுவே சிறு முக்காலியை நிறுத்தி, நீர்மட்டத்துக்கு மேலே இருக்கும்படி ஒரு கிண்ணத்தை அதன்மேல் வையுங்கள். குழிந்த மூடியைத் தலைகீழாகக் கவிழ்த்து, விளிம்பைச் சுற்றிக் கோதுமை மாவால் அடைத்து, மூடியின் மேல் குளிர்ந்த நீரை ஊற்றுங்கள். சிறு தீயில் எரித்தால் ஆவி மூடியின் அடியில் பட்டுக் குளிர்ந்து, குழிவின் நடுவிலிருந்து கிண்ணத்தில் சொட்டும். மேல் நீர் சூடாகும்போதெல்லாம் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். இதில்தான் பொறுமை தேவை. கிண்ணம் வழிவதற்கு முன் தீயை அணைத்து, நன்றாக ஆறியபின் திறந்து தீநீரைக் குப்பியில் சேர்த்து, மீண்டும் மூடித் தொடருங்கள். அரை லிட்டர் சேர்ந்ததும் நிறுத்திவிடுங்கள். அடியில் நீர் வற்றி ஓமம் தீய்ந்தால் தீய்ந்த மணம் முழுவதிலும் ஏறிவிடும். அழுத்தக் குக்கரின் ஆவித் துளையில் ரப்பர்க் குழாயைச் செருகி வடிக்கும் குறுக்குவழி வேண்டாம். துளை அடைத்துக்கொண்டால் ஆபத்து.

முதலில் வரும் தீநீரில் எண்ணெய்த் துளிகள் மிதக்கும். ஓமத்தின் மணத்துக்கும் உறைப்புக்கும் காரணமான தைமால் அதில் உண்டு. முதல், நடு, கடை ஆகிய மூன்று கட்டங்களின் தீநீரைத் தனித்தனியாக எடுத்து முகர்ந்து பாருங்கள். தீயின் அளவுக்கும் மருந்தின் தன்மைக்கும் உள்ள உறவை எந்தப் புத்தகமும் சொல்லாத அளவுக்கு மூக்கு சொல்லிக்கொடுக்கும். பின்பு மூன்றையும் கலந்து, கொதிநீரில் கழுவி உலர்த்திய கண்ணாடிக் குப்பியில் ஊற்றி, நாள் குறித்துக் குளிர்பெட்டியில் வையுங்கள். நூல் ஓராண்டு என்றாலும், வீட்டில் செய்ததை ஒரு மாதத்துக்குள் முடித்துவிடுவது நல்லது. வயிற்றுப் பொருமலுக்கும் செரியாமைக்கும் பெரியவர்கள் உணவுக்குப் பின் 15 முதல் 30 மில்லி வரை அருந்தலாம். கைக்குழந்தைகளுக்கு மருத்துவரைக் கேட்காமல் கொடுக்க வேண்டாம்.

இதில் கை தேறியபின் நெல்லிக்காய்த் தேனூறல், ஆடாதோடை மணப்பாகு என்று போகலாம். பாகு கம்பிப் பதம் தாண்டாமல் இறக்கக் கற்றுக்கொள்வதே ஒரு பாடம். ஆடாதோடையைக் கருவுற்ற பெண்களுக்குக் கொடுக்கக்கூடாது என்பதையும், மூலிகை என்றாலே தீங்கற்றது என்ற எண்ணம் தவறு என்பதையும் மனத்தில் கொள்ளுங்கள். சேராங்கொட்டையும் எட்டிக்கொட்டையும் நேர்வாளமும் மூலிகைகள்தாம். சுத்தி தெரியாதவர் தொடவேண்டியவை அல்ல. தாது மருந்துகளை உண்மையிலேயே கற்க விரும்பினால் பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியிலோ, தாம்பரத்தில் உள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனத்திலோ குணபாடத் துறையினரை (மருந்தியல் துறை) அணுகி நோட்டைக் காட்டுங்கள். பக்கங்களை ஒளிப்படம் எடுத்து அந்தப் படிகளை அனுப்புங்கள். மூல நோட்டைக் கைமாற்றாதீர்கள். அச்சில் வராத முறை ஏதேனும் இருந்தால் அவர்களே ஆர்வத்தோடு கேட்பார்கள்.

இனி உங்கள் தாயார். நீங்கள் செய்யும் செந்தூரமோ பற்பமோ எதுவும் அவருக்கு வேண்டாம். உடலில் சேரும் பாதரசம் பெரிதும் தங்குமிடம் சிறுநீரகம். முன்னமே குறைபாடு உள்ள சிறுநீரகத்துக்கு அதை வெளியேற்றும் வலிமை இல்லை. சங்கு, முத்துச்சிப்பி போன்ற சுண்ணச் சத்துள்ள பற்பங்களும் இந்நிலையில் கணக்கில்லாமல் கொடுக்கத்தக்கவை அல்ல. மூலிகையிலும் கவனம் தேவை: சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்குப் பொட்டாசியம் எளிதில் உயரும்; ஆகவே கீரைச் சாறு, நெல்லிச் சாறு என்று நாள்தோறும் குடிப்பது நன்மைக்குப் பதிலாக இதயத் துடிப்பைக் குலைக்கலாம். சர்க்கரை நோய் இருப்பதால் மணப்பாகும் தேனூறலும் இளகமும் அவருக்கு ஏற்றவை அல்ல. இப்போது அவர் உரிமம் பெற்ற நிறுவனத்தின் சித்த மருந்து ஏதேனும் உண்டுவருகிறார் என்றால், அதன் குப்பியைச் சீட்டோடு சிறுநீரக மருத்துவரிடம் காட்டுங்கள். ஆங்கில மருந்துச் சீட்டையும், கிரியேட்டினின், பொட்டாசியம் அளவுகள் உள்ள அண்மைய இரத்தப் பரிசோதனை முடிவையும் பதிவு பெற்ற சித்த மருத்துவரிடம் காட்டுங்கள். ஒருவருக்குத் தெரியாமல் மற்றவர் கொடுப்பதால் வரும் சிக்கல்களே நான் காண்பவற்றில் மிகுதி. ஓமத் தீநீர் எப்போதேனும் 15 மில்லி அளவில் அவருக்குக் கொடுக்கலாமா என்று சிறுநீரக மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அவர் நாளொன்றுக்கு இவ்வளவு நீர்தான் என்று அளவு விதித்திருந்தால் இந்தத் தீநீரையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும்.